கல்லும் உப்பும் தோலும்: கோவிலம்பாக்கச் சூழலில் வேதிப் பிணைப்பின் வரலாறு

தனிமங்கள் ஒன்றோடொன்று பிணையும் முறைமையைக் கூறும் நூல்கள் யாவும் மேனாட்டு ஆய்வுக்கூடங்களிலிருந்தே தம் வரலாற்றைத் தொடங்குகின்றன. அது தவறன்று, அக்கொள்கை பிறந்த இடம் அதுவே. ஆயினும், ஒரு கொள்கை பிறந்த இடம் ஒன்றாகவும், அக்கொள்கை விளக்கும் பொருள்கள் மக்கள் கைகளில் நெடுங்காலம் புழங்கிய இடம் வேறாகவும் இருத்தல் உண்டு. சென்னைக்குத் தெற்கே செங்கற்பட்டு மாவட்டத்தில் அமைந்த கோவிலம்பாக்கம் என்னும் ஊரை நடுவாகக் கொண்டு நோக்கின், மேற்கே பல்லாவரத்துக் கல்லும், தெற்கே கேளம்பாக்கத்து உப்பும், குரோம்பேட்டையின் தோலும் ஒரு சிறு வட்டத்துள் அடங்குகின்றன. வேதிப் பிணைப்பின் வகைகள் பல இவ்வட்டத்துள் சான்றுபெற்று நிற்கின்றன. அவற்றை வரலாற்று முறையில் வரிசைப்படுத்தி ஆராய்தலும், அவற்றைக் குறிக்கத் தமிழில் எழுந்த சொற்களின் பொருத்தத்தைக் காண்டலும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

இவ்வூர்ப்பெயர்களே நமக்கு முதற்சான்று தருகின்றன. பாக்கம் என்பது நெய்தல் நிலத்து ஊர் என நிகண்டுகள் கூறும். கோவிலம்பாக்கம், துரைப்பாக்கம், கேளம்பாக்கம் என அவ்விறுதியுடைய ஊர்கள் இப்பகுதியில் பலவாகும். இவற்றினிடையே குரோம்பேட்டை என்னும் பெயர் வேறுபட்டுத் தோன்றுகிறது. பேட்டை என்பது வணிகமும் தொழிலும் பற்றி எழுந்த குடியிருப்பைக் குறிப்பது. குரோம் என்பதோ, 1797 ஆம் ஆண்டில் பிரஞ்சு அறிஞர் வொக்லேன் கண்டறிந்த ஒரு தனிமத்தின் பெயர். நிறம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. ஒரு தனிமத்தின் பெயரைத் தாங்கிய ஊர் தமிழகத்தில் அமைந்தது எவ்வாறு என்னும் வினாவே நம்மை இவ்வாராய்ச்சிக்கு ஈர்த்தது.

1. கல்

பழமையால் முதலில் வைத்து எண்ணத்தக்கது கல்லே. 1863 ஆம் ஆண்டு மே மாதம் 30 ஆம் நாள் இராபர்ட் புரூசு பூட் என்னும் நிலவியலறிஞர் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொன்மை வரலாற்றாராய்ச்சிக்கு அதுவே தோற்றுவாய். அக்கருவிகள் குவார்ட்சைட்டு என்னும் கல்லால் ஆயவை. முப்பதாண்டுகள் கழித்து, 1893 இல், தாமசு ஆலண்டு என்பார் கற்கத்தாவிலுள்ள யோபு சார்னக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அது சென்னைக்கு அண்மையிலுள்ள குன்றுகளின் பாறையே எனக் கண்டு, அவ்வகைப் பாறைக்குச் சார்னக்கைட்டு எனப் பெயரிட்டார். பல்லாவரம், பரங்கிமலை ஆகியவற்றின் கருங்கல் நிலவியல் உலகில் பெற்ற பெயர் இதுவாகும்.

இக்கற்களின் உறுதிக்குக் காரணம் யாது? சிலிக்கன் என்னும் தனிமத்தின் ஒவ்வோர் அணுவும் நான்கு ஆக்சிஜன் அணுக்களோடு பிணைந்து நான்முகி வடிவம் கொள்கின்றது. குவார்ட்சில் ஒவ்வோர் ஆக்சிஜனும் இரண்டு சிலிக்கன்களுக்குப் பொதுவாக நின்று, முடிவில்லாத ஒரு வலையை ஆக்குகின்றது. ஈரணுக்களும் தத்தம் எலெக்ட்ரானைப் பொதுவில் வைத்துப் பகிர்ந்துகொள்வதனால் உண்டாகும் இப்பிணைப்பைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் சகப்பிணைப்பு என வழங்கும். சிலிக்கனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையேயுள்ள இப்பிணைப்பை முறிக்க மோல் ஒன்றுக்கு ஏறத்தாழ 450 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். எனினும், இப்பகிர்வு முற்றிலும் ஒத்த பகிர்வு அன்று. பாலிங்கு அமைத்த எலெக்ட்ரான் கவர் ஆற்றல் அளவையில் சிலிக்கனின் எண் 1.90, ஆக்சிஜனின் எண் 3.44. ஆதலின் பொது எலெக்ட்ரான்கள் ஆக்சிஜன் பக்கமே மிகுதியும் சாய்ந்து நிற்கும். வகைகளைப் பெயரிட்டுப் பிரிக்குங்கால், இயற்கை அவ்வெல்லைகளைக் கோடிட்டு நிறுத்தவில்லை என்பதனை இக்கல் நமக்குத் தொடக்கத்திலேயே உணர்த்துகின்றது.

2. உப்பு

கடற்கரையை ஒட்டிக் கேளம்பாக்கம், கோவளம் பகுதிகளில் அமைந்த உப்பளங்கள் இவ்வட்டாரத்தின் பழந்தொழிலுக்குச் சான்றாவன. உப்பு வணிகராகிய உமணரைச் சங்கச் செய்யுட்கள் பல இடங்களிற் காட்டும். உப்பு நீரிற் கரைவதும், வெயிலில் மீண்டும் படிகமாவதும் அவர் அறிந்தனவே. ஏன் அவ்வாறு நிகழ்கின்றது என்பதற்கு விடை 20 ஆம் நூற்றாண்டில்தான் கிடைத்தது.

1916 ஆம் ஆண்டு பிணைப்பின் வரலாற்றில் மறக்கவொண்ணாதது. அவ்வாண்டில் செருமானிய அறிஞர் கொசெல், சோடியம் ஓர் எலெக்ட்ரானை இழந்து நேர்மின் அயனியாகவும், குளோரின் அதனைப் பெற்று எதிர்மின் அயனியாகவும் மாறி, மின் ஈர்ப்பால் ஒன்றையொன்று பற்றுகின்றன எனக் காட்டினார். அதே ஆண்டில் அமெரிக்க அறிஞர் லூயிசு, ஓரிணை எலெக்ட்ரானை ஈரணுக்கள் பொதுவிற் கொள்வதும் பிணைப்பே என நிறுவினார். 1919 இல் லாங்முயர் இவ்விரண்டாம் வகைக்குத் தனிப்பெயர் சூட்டினார். 1927 இல் ஐட்லரும் இலண்டனும் அலை இயக்கவியல் கொண்டு, எலெக்ட்ரானிணை இரண்டு ஹைட்ரஜன் அணுக்களைப் பிணைப்பது எங்ஙனம் எனக் கணக்கிட்டனர்.

உப்பில் ஒரு சோடியம் அயனியைச் சூழ ஆறு குளோரைடு அயனிகளும், ஒரு குளோரைடைச் சூழ ஆறு சோடியம் அயனிகளும் நிற்கின்றன. 'இந்தச் சோடியத்திற்கு உரியது இந்தக் குளோரின்' எனச் சுட்ட இயலாது. கல்லில் பிணைப்பு திசையுடையது. உப்பில் ஈர்ப்பு எத்திசையிலும் பரவுவது. ஆதலினால்தான், 801 பாகை வெப்பத்தில் உருகும் அத்துணை உறுதியுடைய படிகம், நீர்பட்ட மாத்திரத்தில் கரைந்துவிடுகின்றது. நீர் மூலக்கூறுகள் அயனிகளைத் தனித்தனியே சூழ்ந்து கொண்டு செல்கின்றன. இவ்வியல்பு பின்னர் நாம் கூறவிருக்கும் துன்பமொன்றுக்கும் காரணமாதலின் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

3. ஆவிரை

குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பட்டியலில் இடம்பெற்றதும், மடலேறும் தலைவன் சூடுவதாகச் சங்கச் செய்யுட்கள் கூறுவதும் ஆகிய ஆவிரை, இன்று ஆவாரை எனவும் ஆவாரம் எனவும் வழங்கும். இதன் பட்டையும், கடுக்காயும் தென்னிந்தியத் தோல் பதனிடு தொழிலின் இரு கண்கள். ஆவாரம் பட்டை ஊறிய நீரில் தோலை ஊறவைத்து, பின்னர்க் கடுக்காய் நீரில் இட்டு முடித்தல் மரபு. இவ்வாறு பதனிட்ட தோல் 19 ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்து மேனாடுகளுக்குப் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று.

தோலின் முதன்மைப் பொருள் கொலாஜன் என்னும் புரதம். அதன் நெடிய இழைகளில் கரி, நைட்ரஜன், ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஆகியன சகப்பிணைப்பால் கோக்கப்பட்டுள்ளன. பட்டையின் துவர்ப்பொருளில் ஹைட்ரஜனைத் தாங்கிய ஆக்சிஜன்கள் பல உள. அந்த ஹைட்ரஜன், புரத இழையிலுள்ள ஆக்சிஜனை நோக்கிச் சாய்ந்து, ஈரிடத்திற்கும் இடையே ஒரு மெல்லிய பாலமாகின்றது. இதுவே ஹைட்ரஜன் பிணைப்பு. 1920 இல் லாட்டிமரும் ரோடபுசும் எழுதிய கட்டுரையால் வேதியியலில் நிலைபெற்றது. தனித்து நோக்கின் இப்பிணைப்பு வலிவற்றது; கல்லின் பிணைப்போடு ஒப்பிடின் பத்திலொரு பங்கும் தேறுவது அரிது. ஆனால், ஒரு துவர்மூலக்கூறு பல இடங்களில் ஒருங்கே பற்றுதலின் தோல் அழுகாது நிற்கின்றது. பல மெல்லிய நூல்கள் கூடிக் கயிறாவது போன்றது இது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டற்பாலது. சிலப்பதிகாரம் தோலின் துன்னரைக் கூறுதல் கொண்டும், ஆவிரையின் பயன் கொண்டும், பண்டைத் தமிழர் வேதிப் பிணைப்பை அறிந்திருந்தனர் எனச் சிலர் கூறப் புகுவர். அது பொருந்தாது. அவர் அறிந்தது விளைவு, அறியாதது காரணம். விளைவை நுணுகி அறிந்து, தலைமுறை தலைமுறையாகப் பிழையின்றிச் செய்துவந்தமையே அவர்க்குப் போதிய பெருமையாகும். இல்லாத பெருமையை ஏற்றுவது உள்ள பெருமையையும் ஐயத்திற்கு இடமாக்கிவிடும்.

4. குரோமியம்

தோல் பதனிடுதலில் குரோமியம் பயன்படும் என்பதனை 1858 இல் செருமானிய அறிஞர் நாப்பு எழுதினார். 1884 இல் அமெரிக்காவில் அகசுடசு சூல்ட்சு இரு தொட்டி முறைக்கும், 1893 இல் மார்ட்டின் டென்னிசு ஒரு தொட்டி முறைக்கும் காப்புரிமை பெற்றனர். பட்டை கொண்டு பதனிட வாரக்கணக்கில் காலம் செல்லும். குரோமிய உப்புக் கொண்டு பதனிட ஒரு நாளளவே போதும். இம்மாற்றம் சென்னைத் தோல் வணிகத்திற்குப் பேரிடராகத் தோன்றியது.

அந்நாளில் சென்னை அரசில் தொழிற்கல்வித் துறையில் பணியாற்றிய ஆல்பிரட் சாட்டர்டன், அலுமினியப் பாத்திரத் தொழிலை இங்கு நிலைநாட்டியபின், குரோமியப் பதனிடுதலையும் இந்நாட்டில் ஊன்ற முயன்றார். அரசுப் பணத்தில் நடந்த அச்சோதனை வெற்றியும் கண்டது. ஆயினும், தனியார் தொழிலோடு அரசு போட்டியிடுதல் தகாது என வணிகர் சிலர் எதிர்த்தனர். 1910 இல் இந்திய அமைச்சராயிருந்த மார்லி பிரபு, அரசு தொழிற்சாலை நடத்துதலை ஏற்காது ஓலை விடுத்தார். அதனால் அம்முயற்சி அரசின் கையைவிட்டு நீங்கியது. எனினும் அத்தொழில் சென்னையை விட்டு நீங்கவில்லை. 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேம்பர்சு என்பார் பல்லாவரத்தை அடுத்து நிறுவிய குரோம் தோல் தொழிற்சாலையே குரோம்பேட்டை என்னும் பெயருக்குக் காரணமாயிற்று.

குரோமியம் தோலைப் பற்றும் முறை மேற்கூறிய மூன்றினும் வேறானது. மும்மை நேர்மின் கொண்ட குரோமிய அயனியைச் சூழ ஆறு இடங்கள் உள. அவ்விடங்களில் முதற்கண் நீர் போன்ற மூலக்கூறுகள் அமர்ந்திருக்கும். தோலின் புரதத்திலுள்ள கார்பாக்சில் தொகுதி தன்னிடத்துள்ள எலெக்ட்ரானிணையைக் குரோமியத்திற்கு வழங்கி, அவ்விடங்களுள் ஒன்றில் அமர்கின்றது. இணை முழுவதையும் ஒருவரே தருதலின் இது ஈதல் சகப்பிணைப்பு எனப்படும். இவ்வகைச் சேர்மங்களின் அமைப்பை 1893 இல் சுவிட்சர்லாந்தில் ஆல்பிரட் வெர்னர் முதன்முதல் விளக்கினார். எலெக்ட்ரான் கொள்கையால் அதற்குத் தெளிவு தந்தவர் சிட்சுவிக்கு.

பச்சைத் தோல் நீரில் ஏறத்தாழ 60 பாகை வெப்பத்திலேயே சுருங்கிவிடும். பட்டையிட்ட தோல் 70 முதல் 85 பாகை வரை தாங்கும். குரோமியத் தோலோ கொதிநீரையும் தாங்கும். குரோமியம் அண்மை இழைகளை இணைக்கும் பாலமாக நிற்பதே இதற்குக் காரணம் எனப் பல்லாண்டுகள் கருதப்பட்டது. பாலம் மட்டும் காரணமன்று, இழைகளைச் சூழ்ந்த நீரும் குரோமியத்தோடு சேர்ந்து ஒரு கட்டமைப்பாக இறுகுதலும் காரணம் எனப் பின்வந்த ஆய்வாளர் கூறுவர். ஆண்டுகளை ஒப்பிட்டு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். சூல்ட்சின் காப்புரிமை வெர்னரின் கொள்கைக்கு ஒன்பதாண்டு முற்பட்டது. செய்கை முந்தியது, கொள்கை பிந்தியது. ஆவாரம் பட்டைக்கும் அமெரிக்கக் காப்புரிமைக்கும் இது பொதுவேயாம்.

5. முப்புரிக் கயிறு

தோல் தொழிலுக்கும் பிணைப்பின் கொள்கைக்கும் சென்னையிலேயே உறவு ஏற்பட்டமை வரலாற்றின் இனிய பகுதியாகும். 1948 இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1952 இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தவர் கோ. நா. இராமச்சந்திரன், அப்போது அவர்க்கு அகவை முப்பது. அவ்வாண்டில் சென்னைக்கு வந்த ஆங்கில அறிஞர் பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவுறவில்லை எனக் கூறியதே அவரை அத்துறையிற் புகுத்தியது. கங்காருவின் வால் தசைநாணின் வழியே எக்சு கதிர்களைச் செலுத்திப் பெற்ற படங்களை ஆராய்ந்து, அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954 இல் கொலாஜன் மூன்று இழைகளால் ஆயது என வெளியிட்டனர். மறு ஆண்டில், அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு எனத் திருத்திக் கூறினர்.

இங்கே ஒரு கருத்து வேறுபாடு எழுந்தது. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் உள என்றார் இராமச்சந்திரன். ரிச்சும் கிரிக்கும் 1955 இல், ஒன்றே உண்டு; இரண்டு கொள்ளின் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கும் என்றனர். அணுக்கள் எவ்வளவு வரை நெருங்கலாம் என்னும் இவ்வினாவுக்கு விடை தேடிய முயற்சியே, 1963 இல் இராமகிருட்டிணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட, இன்று உலகெங்கும் இராமச்சந்திரன் வரைபடம் என வழங்கும் ஆராய்ச்சியாக விளைந்தது. நேர் ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றே என்பது இன்று ஏற்கப்பட்ட முடிபு. ஆனால், இரண்டாவது இடத்தை நீர் மூலக்கூறு இணைக்கலாம் என 1968 இல் அவர் கூறியவாறே, நீர்ப் பாலங்கள் அமைந்திருத்தலை 1994 இல் வெளிவந்த படிக ஆய்வு காட்டியது. எதிர்வாதத்தை வெறுத்தொதுக்காமல் அதனையே அடுத்த ஆராய்ச்சிக்கு வித்தாகக் கொண்ட இம்முறை, இலக்கிய ஆராய்ச்சியாளராகிய நமக்கும் கைவிளக்காகும்.

6. சொல்

இனிச் சொல்லாராய்ச்சிக்கு வருவோம். தமிழில் வேதியியலை நூலாக்கும் முயற்சி 19 ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிற்று. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிசுகு கிறீன் தந்த 'கெமிஸ்தம்' 1875 இல் வெளிவந்தது. 1916 இல், கொசெலும் லூயிசும் எழுதிய அதே ஆண்டில், சேலத்தில் தமிழ்ச் சாத்திரீய பரிபாஷைச் சங்கம் இராசாசி முதலியோரால் தொடங்கப்பட்டது தற்செயலான ஒற்றுமையே எனினும் நினைவுகூரத்தக்கது. 1938 இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது.

இன்று இருவேறு வழக்குகள் நிலவுகின்றன. தமிழ்நாட்டில் இணைதிறன் எனப்படுவது ஈழத்தில் வலுவளவு எனப்படும். இங்குச் சகப்பிணைப்பு, அங்குப் பங்கீட்டு வலுப்பிணைப்பு. சகம் என்னும் முன்னொட்டு உடனிருத்தலை மட்டும் உணர்த்தும். பங்கீடு என்பதோ நிகழ்ச்சியையே கண்முன் நிறுத்தும். ஆதலின் ஈழ வழக்கே இவ்விடத்துப் பொருட்செறிவுடையது என்பது நம் கருத்து. ஈதல் என்னும் சொல்லோ மிக்க நயமுடையது. ஈ, தா, கொடு என்னும் மூன்றனுள் ஈ என்பது தாழ்ந்தோன் இரந்து கூறுவது எனத் தொல்காப்பியர் வகுத்தார். எலெக்ட்ரானிணை இல்லாத உலோக அயனி, அதனை உடைய தொகுதியினிடமிருந்து பெறுகின்றது. பெறுவோன் குறையுடையன் என்னும் குறிப்பு ஈதற்சொல்லினுள்ளேயே அமைந்துகிடக்கின்றது. இச்சொல்லைத் தேர்ந்தோர் அந்நூற்பாவை எண்ணியே தேர்ந்தனர் என நாம் கூறவில்லை; சொல் தானே தன் பொருத்தத்தைக் காட்டி நிற்கின்றது என்பதே நாம் கூறுவது. அணைவுச் சேர்மம் என்னும் வழக்கும் அத்தகையதே.

பிணைப்பைப் புணர்ச்சி இலக்கணத்தோடு ஒப்பிடும் விழைவு தமிழ் மாணவர்க்கு இயல்பாக எழும். தோன்றல், திரிதல், கெடுதல் என்பன எழுத்தின் மாற்றங்கள். அணுவிலோ எதுவும் தோன்றுவதும் இல்லை, கெடுவதும் இல்லை. எலெக்ட்ரான்களின் இருப்பிடம் மட்டுமே மாறுகின்றது. ஆகவே அவ்வுவமை மாணவனை வாயில்வரை அழைத்துச் செல்லும். உள்ளே செல்ல உதவாது.

7. நீர்

பிணைப்பின் வகையை அறிதல் ஏட்டளவில் நிற்கும் அறிவன்று. தோல் தொழிற்சாலைக் கழிவுநீரில் மூவகைப் பொருள்கள் கலந்துள்ளன. சகப்பிணைப்பாலான புரதமும் கொழுப்பும் நுண்ணுயிர்களால் சிதைக்கப்படும். வழக்கமான முறையில் இட்ட குரோமியத்தில் மூன்றிலொரு பங்களவு தோலிற் சேராது நீரில் எஞ்சும். காரம் சேர்த்து அதனை வீழ்படிவாக்கி மீட்கலாம். உப்போ அயனிகளாகப் பிரிந்து கரைந்திருத்தலின், எந்த நுண்ணுயிரும் அதனை உண்பதில்லை. எளிய முறை எதனாலும் வீழ்படிவாவதும் இல்லை. பிணைப்பு எத்தகையதோ, அழிவும் அத்தகையது. தமிழகத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பற்றி 1996 ஆகசுட்டு 28 இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய வேலூர்த் தீர்ப்பு, கெடுத்தவரே ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நெறியை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியது.

கோவிலம்பாக்கத்திற்குக் கிழக்கே உள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இவ்வட்டார ஏரிகள் பலவற்றின் மிகுநீரை ஏற்று நிற்பது. 2022 இல் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் இடம்பெற்றது. நிலத்திற் சேர்ந்த உப்பும் உலோகமும் நீரின் வழியே செல்லும் இயல்பின. ஒரு தலைமுறை பிணைத்ததை அவிழ்க்கும் கடமை அடுத்த தலைமுறையைச் சாரும். அதற்கு வேண்டும் அறிவைத் தாய்மொழியில் தருதல் பல்கலைக்கழகங்களின் கடமை.

இதுகாறும் கூறியவாற்றால், கல் பங்கிட்டும், உப்பு மாறி ஈர்த்தும், பட்டை மெல்லப் பற்றியும், குரோமியம் ஏற்றும் பிணையும் நால்வகை நெறிகளும் நம் வட்டாரத்துப் பொருள்களிலேயே விளங்கக் கண்டோம். இரண்டு பணிகள் எஞ்சியுள்ளன. ஒன்று, தமிழகமும் ஈழமும் வழங்கும் வேதியியற் சொற்களை ஒருங்கு வைத்து ஆராய்ந்து, சிறந்ததைத் தேர்தல். மற்றொன்று, தோல் பதனிடும் தொழிலாளர் தொட்டிக்கும், ஊறலுக்கும், தோலின் பதத்திற்கும் வழங்கிவந்த சொற்களை, அவற்றை வழங்கும் முதியோர் இருக்கும்போதே தொகுத்தல். கொள்கைக்கு முந்தியது செய்கை என மேலே கண்டோம். கலைச்சொல்லுக்கு முந்தியது தொழிற்சொல். அச்சொற்களைத் தொகுக்க முன்வரும் மாணவர், குரோம்பேட்டையிலிருந்தே தம் பணியைத் தொடங்கலாம்.